கோல் எடுத்தவர் மாடு

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. வாடகைக் கடையின் எண் அதன் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. மேய்க்கால் நிலத்தின் நடுவே, வேலமரத்துக்குப் பக்கத்தில், தனியாகக் கிடந்தது. இருக்கையில் பனி ஈரம். கூட்டம் ஏழு மணிக்குத்தான். தலைவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. நாற்காலி மட்டும் முந்தின நாள் மாலையே வந்துவிட்டது.

அது தை மாதம், பொங்கல் முடிந்த இரண்டாவது ஞாயிறு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதில் முடியும் இடத்தில் எங்கள் ஊர் தொடங்குகிறது. நான் சென்னையில் ஒரு நாளிதழில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவன். ஊரில் எனக்குப் ‘பேப்பர்காரர்’ என்று பெயர். மனு எழுத, தீர்மானம் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். அன்றும் அதற்காகத்தான் ஒரு நோட்டும் இரண்டு பேனாவுமாகப் போயிருந்தேன்.

மேய்க்கால் ஒன்பது ஏக்கர் புறம்போக்கு. ஊர் மாடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். இரண்டு ஆண்டாக அதில் பாதியை லாரிகள் எடுத்துக்கொண்டிருந்தன. ஆலைகளுக்குப் பழைய இரும்பு கொண்டுவரும் வண்டிகள், வரிசையில் நிற்க இடமில்லாமல் இங்கே இறங்கி நிற்கும். சில வண்டிகள் உலைச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போகும். சாம்பல் விழுந்த இடத்தில் புல் வராது. தாலுகா அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “அந்த எடத்துக்குப் பொறுப்பு யாரு?” யாரும் இல்லை. பொறுப்புக்கு ஆள் இல்லாத மேய்க்காலை, பயன்பாட்டில் இல்லாத நிலம் என்று எழுதிவிடுவார்கள் என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

முன்பெல்லாம் பொறுப்புக்கு ஆள் இருந்தது. ஒவ்வொரு தையிலும் ஊரில் ஒருவர் கோல் எடுப்பார். கோல் என்பது ஆறடி மூங்கில் கழி. அம்மன் கோயில் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். அதை எடுத்தவர் அடுத்த தை வரை மேய்க்காலுக்குப் பொறுப்பு. சம்பளம் கிடையாது. இருபது ஆண்டுக்கு முன் இதைப் பற்றி எங்கள் பத்திரிகையின் வார இணைப்பில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். கோல் எடுத்த நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, நால்வரும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டும் எழுதினேன். விதிகள் மூன்று. மாடு இல்லாதவர் கோல் எடுக்கக் கூடாது. கோல் எடுத்தவரின் மாடு அந்த ஆண்டு மேய்க்காலில் இறங்கக் கூடாது. நல்ல புல்லைத் தன் மாட்டுக்கு வைத்துக்கொண்டார் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக. அதற்கு ஈடாக, மாடு உள்ள ஒவ்வொரு வீடும் அறுப்பு முடிந்ததும் அவர் வீட்டில் ஒரு சுமை வைக்கோல் போட வேண்டும்.

பிறகு ஆட்கள் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். கோல் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

ஏழு மணிக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். எல்லோரும் நாற்காலியிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்கள். ஒருவர் பேச்சு வாக்கில் அதன் முதுகில் கை வைத்தார். “இன்னா மாமா, ஒக்காந்துடப் போறியா?” என்று யாரோ கேட்டதும் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தைக் கூட்டியவர் பதினோரு மாடு வைத்திருப்பவர். ஊரில் அதிக மாடு அவருக்குத்தான். பொன்னேரியில் இரண்டு ஓட்டல்களுக்குப் பால் ஊற்றுகிறார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிறியவர்கள் எல்லோரும் அவருக்கு நைனா, பெரியவர்கள் எல்லோரும் அண்ணாத்த. முதலில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“பேப்பர்காரரே, நீங்கதான் சும்மா கீறீங்க. நாலெழுத்துத் தெரிஞ்ச மனுசன். நீங்க ஒக்காந்தா லாரிக்காரன் நடுங்கிடுவான்.”

“என்கிட்ட மாடு இல்லியே,” என்றேன். “மாடு இல்லாதவன் கோல் எடுக்கக் கூடாது. வழக்கம் அது. நானே எழுதியிருக்கேன்.”

“எழுதினவரே சொன்னா சரிதான்,” என்று விட்டுவிட்டார். மணி ஏழு இருபது.

அடுத்து ஒவ்வொருவராகக் காரணம் சொன்னார்கள். ஒருவருக்கு ராத்திரி ஷிப்ட். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு மீஞ்சூரில் வேலை, விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு மகள் கல்யாணம். எப்போது என்று கேட்டால் இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை என்றார். உண்மைக் காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். மாட்டை ஓர் ஆண்டு வீட்டில் கட்டித் தீனி போட யாராலும் முடியாது. அதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் வைக்கோலைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

வைக்கோல் எங்கள் கண் முன்னால்தான் கிடந்தது. மேய்க்காலை ஒட்டிய வயல்களில் மிஷின் உருட்டிப்போட்ட உருளைகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது அறுப்பும் மிஷின், வைக்கோல் சுருட்டுவதும் மிஷின். வயலிலிருந்தே வியாபாரியின் வண்டிக்குப் போய்விடும். யார் வீட்டு வாசலுக்கும் வருவதில்லை.

ஏழு நாற்பதுக்கு அந்த வழியாக ஒருவர் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஊரில் அவருக்கு ‘மூணு வெரலு’ என்று பெயர். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. அதற்குக் கிடைத்ததை வைத்து ஒரு பசு வாங்கினார். கறுப்பும் வெள்ளையுமான சீமைப் பசு, இரண்டாவது ஈத்து. அந்தக் கையைப் பார்த்துவிட்டு வேறு யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அவரும் மனைவியும் சாப்பிட்டது அந்தப் பசுவின் பாலை விற்றுத்தான். பசு தின்றது மேய்க்கால் புல். ஒரு சென்ட் நிலம் அவர்களுக்கு இல்லை.

பதினோரு மாட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

“வாங்க தலைவரே!”

வந்தவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் பசுதான் இருந்தது. கூட்டம் சிரித்தது.

“உன்னத்தான் நைனா. மெஷினுகூட சண்ட போட்டு வந்த ஆளு நீ. லாரி உனக்கு எம்மாத்திரம்? வா, ஒக்காரு.”

“நானா? எனக்கு இன்னாண்ணா தெரியும்?”

“இன்னா தெரியணும்? வழில நின்னு கைய காட்டணும். வண்டி நிக்கும்.”

“எந்தக் கைய?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வலக்கையை எப்போதும் துண்டுக்குள் வைத்திருப்பவர், அன்று அதை வெளியே எடுத்துக் காட்டிச் சிரித்தார். அந்தக் கையை வெளிச்சத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்தார். பதினோரு மாட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்தினார். யார் தோள் என்று தெரியாமலே வாங்கி வந்திருந்த சால்வை. விலைச் சீட்டு அவர் முதுகுப் பக்கம் தொங்கியது. கை தட்டினார்கள். ‘தலைவரே’ என்று இரண்டு மூன்று பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

யார் போய்ச் சொன்னார்களோ, பத்து நிமிடத்தில் அவர் மனைவி வந்துவிட்டார். கையில் கழுவின பால் கேன் சொட்டிக்கொண்டிருந்தது.

“எழுந்துரு,” என்றார் கணவரிடம். “மாட்ட இன்னா பண்ணுவ? ஒரு வருசம் ஊட்ல கட்டிப் போட்டு எதப் போடுவ? இதயா?” சால்வையின் முனையைப் பிடித்து ஆட்டினார்.

“இன்னாம்மா நீ,” என்றார் பதினோரு மாட்டுக்காரர். “ஊரே கூப்ட்டு மரியாத குடுக்குது, நீ வந்து பேஜாரு பண்ற.”

“மரியாதய மாடு துன்னுமா? கோல் எடுத்தவன் ஊட்டுக்கு ஆளுக்கு ஒரு சொம வைக்கோலு போடணும்னு வழக்கம் கீதா, இல்லியா?”

பதினோரு மாட்டுக்காரர் வயல் பக்கம் கை நீட்டினார். “வைக்கோலு இன்னா எங்க ஊட்லயா கீது? அதோ பாரு, லாரில ஏறுது. இல்லாதத எப்டிம்மா போடுறது?”

“அப்ப அந்த வழக்கம் போச்சின்னா இதுவும் போச்சி. எங்க மாடும் மேய்க்கால்ல மேயட்டும்.”

சரியான வாதம். லாரியில் உருளை விழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

“சார் இதப் பேப்பர்லயே எழுதினாரு. நீங்க சொல்லுங்க சார். வைக்கோலு வழக்கத்துல கீதா, இல்லியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கிறது என்று நான் சொன்னால் அவர் கணவர் எழுந்துவிடுவார். நாற்காலி மறுபடி காலியாகும். எனக்கு ஒரு கன்றுக்குட்டியை வாங்கிக் கொடுத்து என்னையே அதில் உட்கார வைக்கவும் இவர்கள் தயங்க மாட்டார்கள் என்று தோன்றியது.

“அந்தக் காலத்துல இருந்தது,” என்றேன்.

அது பொய் இல்லை. பொய் இல்லாத வாக்கியம் அமைப்பதில் எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம்.

“கேட்டியா? அந்தக் காலத்துல,” என்றார் பதினோரு மாட்டுக்காரர். “எழுதுங்க சார்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்னார் ஓராண்டுக்கு மேய்க்கால் தலைவர். ஊதியம் இல்லை. அவருடைய மாடு மேய்க்காலில் இறங்காது. மூன்று வாக்கியம். தாளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. தலைவர் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். எட்டு ஐந்துக்குக் கூட்டம் முடிந்தது. அவர் மனைவி பசுவின் கயிற்றைப் பிடித்து வீட்டுப் பக்கம் நடந்தார். பசு மேய்க்கால் பக்கமே இழுத்தது.

மறுநாள் காலை நாற்காலி இல்லை. ஒரு நாள் வாடகைக்குத்தான் எடுத்திருந்தார்கள்.

தலைவர் ஒரு கல்லைப் புரட்டிப்போட்டு அதில் உட்கார்ந்தார். இதை விளையாட்டாகத்தான் செய்வார் என்று நினைத்திருந்தோம். அவர் அப்படிச் செய்யவில்லை. விடியும் முன்பே கோலும் ஒரு விசிலுமாக லாரி இறங்கும் வழியில் நிற்பார். தாலுகா அலுவலகத்தில் முத்திரை வைத்துக் கொடுத்த தீர்மான நகலை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். முதல் வாரம் ஒரு லாரி அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “ஏய், தப்புகோ!” என்று விலகச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். அவர் நகரவில்லை. கோலை பம்பரின்மேல் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடம். நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். லாரி பின்னால் போயிற்று.

மாசி முடிவதற்குள் வண்டிகள் வருவது நின்றது. சாம்பல் கொட்டிய பாதியில் அவரே மண் வெட்டிப் பரப்பி, சுற்றிலும் கயிறு கட்டினார். புல் வரும்வரை எந்த மாடும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மீறிப் போன மாடு மாலை வரை கட்டுக்கல்லில் நிற்கும். தீனியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதுவும் பழைய வழக்கம்தான். பதினோரு மாட்டுக்காரரின் கிடாரி ஒன்றை ஒருநாள் அப்படிக் கட்டிப்போட்டார். “தலைவர் செஞ்சா சரிதான்,” என்று சொல்லிவிட்டு மாட்டுக்காரர் போய்விட்டார்.

தலைவர் தினமும் காலையில் உள்ளே இறங்கும் மாடுகளை எண்ணுவார். நான் நடைக்குப் போகும்போது கல்லிலிருந்து எழுந்து, “நாப்பத்தாறு சார்!” என்று சொல்வார். நான் கேட்டதில்லை. அவராகத்தான் சொல்வார்.

அவருடைய பசு வீட்டில் கட்டிக் கிடந்தது. அவர் மனைவி கால்வாய்க் கரையிலும் சாலை ஓரத்திலும் புல் அறுத்து வந்தார். சாலை ஓரப் புல்லில் ஆலைத் தூசி படிந்திருக்கும். பிடி பிடியாகத் தண்ணீரில் அலசித்தான் போட வேண்டும். அலசின தண்ணீர் கறுப்பாக வாசலில் ஓடுவதை நடந்து போகும்போது பார்த்திருக்கிறேன். பால் பாதியாகக் குறைந்தது. பங்குனியில் பசுவின் விலா எலும்புகளை எண்ணலாம்போல் இருந்தது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மேய்க்காலுக்கு ஓடியது. கயிறு கட்டின பாதிக்குள் நுழைந்து, புதிதாக முளைத்த புல்லில் வாய் வைத்தது. அவர் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். பதினோரு மாட்டுக்காரரும் வந்தார்.

“யாரு மாடு தலைவரே இது?”

“என்து தாண்ணா.”

“அப்டியா? எளச்சிப் போய் கீதா, அடையாளமே தெரில.”

“கயித்த அறுத்துக்கினு வந்துடுச்சி. ஓட்டிக்கினு போயிடறேன்.”

“தாராளமா ஓட்டிக்கினு போ நைனா. தலைவரு நீ. உன்ன யாரு கேக்கப் போறா? என் கிடாரிய கட்டினது வேற, அது ஊரு மாடு.”

தலைவர் பசுவின் கழுத்தைப் பிடித்தபடி நின்றார். பிறகு அதைக் கட்டுக்கல்லுக்கு நடத்திக்கொண்டு போய்க் கட்டினார். “அட்ரா சக்க!” என்று ஒருவர் விசில் அடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து பசுவின் முன்னால் வைத்தார். பசு தலையைத் தாழ்த்தியது.

“தலைவரு ஊட்டு மாட்டுக்கு மட்டும் தண்ணி கீதாடி?” என்றார் கூட்டத்தில் நின்ற ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

தலைவர் வந்து வாளியை எடுத்தார். மூன்று விரல் பிடியில் வாளி சாய்ந்து தண்ணீர் கொட்டிவிட்டது. பசு ஈர மண்ணை நக்கியது. நான் பன்னிரண்டு இருபது வரை அங்கே நின்றேன். பிறகு சாப்பிட வீட்டுக்குப் போனேன். மாலை ஆறு மணிக்கு அவிழ்த்தார் என்று சொன்னார்கள்.

அன்று பிற்பகல் அலமாரியிலிருந்து என் பழைய கட்டுரையை எடுத்துப் படித்தேன். வைக்கோல் விதி நான்காவது பத்தியில் இருந்தது. மூன்று வரி. பிழை எதுவும் இல்லை. மடித்து வைத்தேன்.

வைகாசியில் பசுவை விற்கத் தீர்மானித்தார்கள். பொன்னேரியிலிருந்து ஒரு தரகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பதினோரு மாட்டுக்காரர் தலைவர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“வெளியூர்க்காரன்கிட்ட எதுக்குக் குடுக்குற? ஊரு மாடு ஊர்லயே நிக்கட்டும். நீயும் தெனம் கண்ணால பாத்துக்கினு இருக்கலாம்.”

“எங்களுக்காகவா வாங்குறீங்க?” என்று கேட்டார் தலைவரின் மனைவி.

“பின்ன? எளச்ச மாட்ட வேற எவன் வாங்குவான்?”

அன்று மாலையே பசு கை மாறியது. தலைவர் கோலை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். வாசலுக்குள் வரவில்லை. தெருவிலேயே நின்றார்.

“சார், மாடு இல்லாதவன் கோல் புடிக்கக் கூடாதுன்னு நீங்கதான அன்னிக்கு சொன்னீங்க? எனக்கு இப்ப மாடு இல்ல. இதக் கோயில்ல வெச்சிடட்டா? ஆலைல பெருக்குற வேலைக்கு ஆள் எடுக்கறானாம். காலைல அஞ்சர மணிக்கு ஷிப்ட் வண்டி.”

“ஊர்ல ஒரு வார்த்த சொல்லிடலாம்,” என்றேன்.

இருவருமாகப் பதினோரு மாட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் கொட்டகையில் புதுப் பசுவுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“தைக்கு இன்னும் எட்டு மாசம் கீது நைனா. நடுவுல யாரு வருவா? நீ போன மறுநாளே லாரி வந்துடும். மாடு இல்லாதவன் எடுக்கக் கூடாதாம்! அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா? சார், தீர்மானத்துல அப்டி ஏதாச்சும் கீதா?”

“தீர்மானத்துல இல்ல,” என்றேன்.

“கேட்டியா?”

தலைவர் சுவரில் சாத்தியிருந்த கோலை மறுபடி எடுத்துக்கொண்டார். அந்தப் பெருக்குகிற வேலைக்கு அடுத்த வாரம் அவர் மனைவி போனார்.

பசு கை மாறிய மறுநாள் காலை ஆறே காலுக்கு நான் நடைக்குப் போனேன். அவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் கொட்டிய பாதியில் புல் கணுக்கால் உயரம் வந்திருந்தது. கயிற்றை முந்தின வாரமே அவிழ்த்துவிட்டிருந்தார். மாடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பதினோரு மாட்டுக்காரரின் மாடுகள் கடைசியில் வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் வந்த சீமைப் பசு அவர் முன்னால் வந்து நின்றது. அவர் அதன் முதுகில் கோலால் தட்டினார். அது உள்ளே போனது.

அன்று மேய்க்காலில் இறங்கிய மாடுகள் நாற்பத்தேழு.